எங்கே வைத்தாலும் ஃபியூஸ் ஃபியூஸ்தானே?

ஒரு புதிரோடு தொடங்குவோம்.

ஒரு பழைய மோட்டார் கார் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து மெல்லிய புகை கிளம்புகிறது. ரப்பர் கருகும் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. காரை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியாயிற்று. ஆனாலும் புகை நிற்கவில்லை. பானட்டைத் தூக்கி, ஸ்பானரைக் கொண்டு பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிய பிறகுதான் நிற்கிறது. பிறகு ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்க்கிறார்கள். காரில் இருப்பவை இரண்டே ஃபியூஸ்கள். இரண்டும் புதிது போல இருக்கின்றன!

மின்சுற்றில் கோளாறு ஏற்பட்டால் உருகி அறுந்துபோய்ச் சுற்றைத் துண்டிப்பதுதான் ஃபியூஸின் வேலை என்று படித்திருக்கிறோம். கம்பி கருகும் அளவுக்கு மின்சாரம் பாய்ந்திருக்கிறது. அப்படியிருக்க ஃபியூஸ்கள் ஏன் உருகவில்லை?

இது கற்பனைக் கதை அன்று. அந்தக் காரில் நானும் இருந்தேன். கார் என் நண்பருடையது. அவர் வேதியியல் ஆசிரியர். அவருடைய தந்தையார் ஆசையாக வைத்திருந்த மொரிஸ் மைனர் 1000 அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொரிஸ் மைனர், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள கௌலியில் 1948-இல் உற்பத்தியாகத் தொடங்கியது. 1956-இல் ‘1000’ என்னும் வகை வந்தது. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் 16 இலட்சம் கார்கள் வெளிவந்துவிட்டன. இலங்கைச் சாலைகளில் இன்றும் இதைக் காணலாம். நம் நாட்டிலும் 1950-களின் தொடக்கத்தில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் இதே கார் விற்பனையாயிற்று.

அன்று கருகியது, பேட்டரியிலிருந்து சாவிக்கும் விளக்குச் சுவிட்சுக்கும் மின்சாரம் கொண்டுவரும் பழுப்பு நிறக் கம்பி. எஞ்சின் இருக்கும் அறைக்கும் நாம் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் இருக்கிறது. கம்பிகள் அதிலுள்ள துளை வழியாக உள்ளே வருகின்றன. துளையின் விளிம்பு கம்பியை அறுக்காதிருக்க ஒரு ரப்பர் வளையம் பொருத்தியிருப்பார்கள். அறுபது ஆண்டு வெயிலில் அந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கம்பியின் உறை தகட்டில் உரசி உரசித் தேய்ந்து, உள்ளேயிருந்த தாமிரம் தகட்டைத் தொட்டுவிட்டது.

தொட்டால் என்ன என்கிறீர்களா? வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. காரிலோ பெரும்பாலும் ஒரே கம்பிதான் போகிறது. திரும்பி வரும் பாதையாகக் காரின் இரும்பு உடலே பயன்படுகிறது. பேட்டரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். (இன்றைய கார்களில் அது எதிர்முனை. அக்கால ஆங்கிலக் கார்கள் பலவற்றில் நேர்முனை. நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றே.) ஆகவே, மின்சாரம் கொண்டுவரும் கம்பி எந்த இடத்தில் உடலைத் தொட்டாலும் அங்கே குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். காரின் எந்தத் தகடும் அதற்குப் போதும்.

12 வோல்ட் என்ன செய்துவிடும்?

‘பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட அதிர்ச்சி தெரியாதே’ என்று பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். உடம்பில் அதிர்ச்சி தாக்காது என்பது சரி. ஆனால் நெருப்புக்கு வேண்டியது வோல்ட் அன்று, வெப்பம். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பேட்டரியிலிருந்து உரசிய இடம்வரை கம்பியின் நீளம் ஒன்றே முக்கால் மீட்டர் என்றும், அதன் குறுக்குப் பரப்பு 3 சதுர மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். தாமிரத்தின் தன்மின்தடையை வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.01 ஓம் வருகிறது. நல்ல நிலையிலுள்ள கார் பேட்டரியின் உள்மின்தடையும் அந்த அளவுதான். இணைப்புகளுக்கும் உரசும் இடத்துக்கும் சேர்த்து இன்னொரு 0.01 ஓம் வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.03 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 / 0.03 = 400 ஆம்பியர்!

இந்த 400 ஆம்பியரும் அந்தக் கம்பி வழியே பாயும்போது அதில் தோன்றும் வெப்பம் நொடிக்கு 400 × 400 × 0.01 = 1600 ஜூல். ஒரு பெரிய மின்சார இஸ்திரிப் பெட்டி தரும் வெப்பம், பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பிக்குள்! கம்பியிலுள்ள தாமிரத்தின் நிறை சுமார் 47 கிராம். ஒரு கிராம் தாமிரத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 0.385 ஜூல் போதும். எனவே முழுக் கம்பிக்கும் டிகிரிக்கு 18 ஜூல் தேவை. 1600-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வீதம் கம்பி சூடேறும். கம்பியைச் சுற்றியுள்ள பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரிதான். இரண்டே நொடிகளில் உறை இளகிப் புகையத் தொடங்கும். ஆறு, ஏழு நொடிகளில் கம்பி மங்கலாகச் சிவந்து ஒளிரும். (சூடேறச் சூடேறத் தாமிரத்தின் மின்தடை கூடும் என்பதால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் தப்பிக்க அது போதாது.) பக்கத்தில் செல்லும் மற்றக் கம்பிகளின் உறையும் இளகினால், பல இடங்களில் குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கார் முழுவதும் பற்றிக்கொள்ளும்.

அன்று நாங்கள் பிழைத்தது எப்படி? கம்பி தகட்டில் அழுந்தித் தொடாமல் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

மடைக்கு மேலே உடைந்த கரை

இப்போது புதிருக்கு வருவோம். மொரிஸ் மைனரில் இருந்த இரண்டு ஃபியூஸ்களில் ஒன்று ஹாரன் முதலியவற்றுக்கு உரியது. மற்றொன்று, சாவியைப் போட்டால் மட்டும் இயங்கும் வைப்பர், பிரேக் விளக்கு, பெட்ரோல் அளவுமானி போன்றவற்றுக்கு. தலைவிளக்குகளுக்கும் எஞ்சினின் இக்னிஷன் சுற்றுக்கும் ஃபியூஸே கிடையாது. இரவில் ஓடும்போது ஒரு ஃபியூஸ் போனதால் இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைந்துவிடக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கலாம். எப்படியும், கருகிய பழுப்புக் கம்பியின் மின்னோட்டம் அந்த இரண்டு ஃபியூஸ்களில் எதன் வழியாகவும் செல்லவில்லை.

வயல்வெளிக்குப் போயிருக்கிறீர்களா? வாய்க்காலில் ஒரு மடை இருக்கிறது. மடையை அடைத்தால் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் போகாது. ஆனால் மடைக்கு மேலே வாய்க்கால் கரை உடைந்தால்? மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தும் பயனில்லை. ஃபியூஸும் அப்படித்தான். தனக்கு அப்பால் உள்ள கம்பியைத்தான் அது காக்கும். பேட்டரிக்கும் தனக்கும் நடுவிலுள்ள கம்பியில் என்ன நேர்ந்தாலும் அதற்குத் தெரியாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு சாதாரண டார்ச் செல்களைத் தொடராக இணையுங்கள். 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்றையும், மரச் சாமான்களை மெருகேற்றப் பயன்படும் மிக மெல்லிய ஸ்டீல் ஊல் இழை ஒன்றையும் சுற்றில் சேருங்கள். இழையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் போதும். அதை ஒரு பீங்கான் தட்டின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பல்பு எரியும். (இழை அப்போதே அறுந்தால், இரண்டு இழைகளை முறுக்கி வையுங்கள்.) இனி, இழைக்கு அப்பால், பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் தொடுங்கள். இழை பளிச்சென்று எரிந்து அறுந்துவிடும். புதிய இழையைப் பொருத்தி, இந்தத் தடவை இழைக்கு முன்னால், செல்களின் இரு முனைகளையும் அதே கம்பியால் ஒரே ஒரு நொடி தொடுங்கள். பல்பு அணையும், கம்பி லேசாகச் சூடேறும், இழையோ அப்படியே இருக்கும். எங்கள் மொரிஸ் மைனரில் நிகழ்ந்தது இதுவேதான். சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். ரீசார்ஜ் செய்யும் செல்களை உபயோகிக்க வேண்டாம். கார் பேட்டரியை வைத்து இதைச் செய்து பார்க்கும் எண்ணம் கனவிலும் வரக்கூடாது; மேலே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும்.

பெட்டியை எங்கே பொருத்துவது?

கருகிய கம்பிகளைக் களைந்துவிட்டுக் கார் முழுவதற்கும் புதிதாக வயரிங் செய்வது என்று நண்பர் முடிவு செய்தார். பழைய இரண்டு ஃபியூஸ்களுக்குப் பதிலாக எட்டு ஃபியூஸ்கள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கினோம். அதை எங்கே பொருத்துவது என்பதில் மூவருக்கு மூன்று கருத்து.

காரின் பழைய தோற்றம் கெடக்கூடாது என்பது நண்பரின் கவலை. பானட்டைத் திறந்தால் 1957-இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். புதிய பெட்டி கண்ணில் படக்கூடாது. ‘பின் சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம் சார். இடம் தாராளம், தண்ணீர் படாது, யார் கண்ணுக்கும் தெரியாது’ என்றார் எலக்ட்ரீஷியன். நான் தயங்கியதைப் பார்த்து, ‘எங்கே வைத்தாலும் ஃபியூஸ் ஃபியூஸ்தானே சார்?’ என்று சிரித்தார். முப்பது ஆண்டுகளாகக் கார்களுக்கு வயரிங் செய்பவர். கை வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவது மேல் என்று தோன்றியது.

மொரிஸ் மைனரின் பேட்டரி முன்னால், எஞ்சினுக்குப் பின்புறம் நடுச்சுவரை ஒட்டி இருக்கிறது. ஃபியூஸ் பெட்டியைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை ஏறக்குறைய 3 மீட்டர் தடித்த கம்பி தரை விரிப்புக்கு அடியில் ஓடவேண்டும். அந்த 3 மீட்டரும் மடைக்கு மேலே உள்ள கரை! மேலே ஏறி மிதிப்பவர்களின் கால். கீழே தரைத் தகடு. போதாக்குறைக்கு, பழைய சீட்டுகளுக்குள் இருப்பவை இரும்புச் சுருள்வில்கள். பருமனான ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தால் சுருள்வில் இறங்கி ஃபியூஸ் முனைகளைத் தொட்டுவிடலாம். சீட்டின் திணிப்புக்கு நெருப்பு பிடிக்க அதிக நேரம் ஆகாது.

அடுத்தது மின்னழுத்த இழப்பு. தலைவிளக்குகள் இரண்டும் 60 வாட் என்றால் மொத்தம் 120 வாட். மின்னோட்டம் 10 ஆம்பியர். பெட்டி பின்னால் இருந்தால் இந்த மின்னோட்டம் பேட்டரியிலிருந்து 3 மீட்டர் பின்னால் போய், 3 மீட்டர் திரும்பி டேஷ்போர்டுச் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து மேலும் 3 மீட்டர் சென்று விளக்கை அடையவேண்டும். மொத்தம் 9 மீட்டர். 2 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0086 ஓம் வீதம் 0.077 ஓம். 10 ஆம்பியரில் இழப்பு 0.77 வோல்ட். பெட்டி முன்னால் இருந்தால் பாதை 4 மீட்டர்தான், இழப்பு 0.34 வோல்ட். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கும் குறைவு, இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். டங்ஸ்டன் இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஏறக்குறைய மின்னழுத்தத்தின் மூன்றரை அடுக்கில் மாறுகிறது. அதன்படி, பெட்டி முன்னால் இருந்தால் விளக்கு தனது முழு ஒளியில் 90 விழுக்காடு தரும். பின்னால் இருந்தால் 79 விழுக்காடுதான். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. இரவில் மாட்டுவண்டியோ மிதிவண்டியோ எதிரில் வரும் சாலையில் இது சிறு விஷயம் அன்று.

எலக்ட்ரீஷியன் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். ‘அப்படியானால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பானட்டுக்குள் வைத்துவிடுவோம்’ என்றார். அதுவும் நியாயமான யோசனைதான். பழைய ஃபியூஸ்களும் அங்கேதான் இருந்தன. ஆனால் அந்த நடுச்சுவரை நன்றாகப் பாருங்கள். காரீய-அமிலப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. கூடவே நுண்ணிய அமிலத் துளிகளும் வருகின்றன. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஃபியூஸ் முனைகளிலும் அதே பூப்பு வந்தால் தொடும் இடத்தில் மின்தடை கூடும். கூடினால் அங்கே சூடாகும். சூடானால் மேலும் அரிக்கும். இன்னொன்று, மொரிஸ் மைனரில் மின்சார பெட்ரோல் பம்ப்பும் இதே சுவரில்தான் இருக்கிறது. ஃபியூஸ் உருகும்போதும் அதைக் கழற்றி மாட்டும்போதும் சிறு பொறி பறப்பது இயல்பு. பெட்ரோல் கசியக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் பொறிக்கு என்ன வேலை?

வெப்பமும் இருக்கிறது. ஃபியூஸ் என்பது வெப்பத்தால் இயங்கும் கருவி. இப்போது கிடைக்கும் தட்டை ஃபியூஸ்களில் உள்ள துத்தநாகத் தகடு 420 டிகிரியில் உருகும். மின்னோட்டம் தரும் வெப்பமும் காற்றில் போகும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். சித்திரை வெயிலில், நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் காற்றே 70 டிகிரிவரை சூடேறலாம். அந்தச் சூட்டில் ஃபியூஸ் தன் அளவுக்குக் குறைந்த மின்னோட்டத்திலேயே சோர்ந்துபோகும். காரணமின்றி ஃபியூஸ் போகிறதே என்று எரிச்சலடைந்து பெரிய ஃபியூஸைப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கம்பிக்குக் காவல் இல்லை.

முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்புறத்தைப் பற்றியும் பேசினோம். மழைக்காலத்தில் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றை நினைத்தவுடன் அதை விட்டுவிட்டோம்.

இரண்டு வேலை, இரண்டு இடம்

இவ்வளவு நேரமும் நாங்கள் ஒரே பெட்டியிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பேட்டரியிலிருந்து வரும் முதற்கம்பியைக் காக்க ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கவேண்டும். தனித்தனிச் சுற்றுகளைக் காக்கும் ஃபியூஸ்களோ உலர்ந்த, குளிர்ந்த, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வேலைகளைப் பிரித்துவிட்டால் சண்டை தீர்ந்தது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், நன்றாக மூடிய உறைக்குள் 50 ஆம்பியர் தலைமை ஃபியூஸ் ஒன்று. அங்கிருந்து 6 சதுர மில்லிமீட்டர் கம்பி நடுச்சுவரைத் தாண்டி உள்ளே செல்கிறது. உள்ளே எட்டு ஃபியூஸ் பெட்டி. கரை உடையக்கூடிய தூரம் ஒரு சாணாகச் சுருங்கிவிட்டது.

முன்பு போட்ட கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். அதே 400 ஆம்பியர் பாய்ந்தால் 50 ஆம்பியர் ஃபியூஸ் பத்தில் ஒரு நொடிக்குள் அறுந்துவிடும். அதற்குள் பழைய 3 சதுர மில்லிமீட்டர் கம்பியே இருந்தாலும் 9 டிகிரிதான் சூடேறியிருக்கும். புகைகூட வராது.

தலைமை ஃபியூஸ் இருக்கிறதே, சிறிய ஃபியூஸ்கள் எதற்கு? 50 ஆம்பியர்வரை அது வாய் திறக்காது. உள்விளக்குக்குப் போகும் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 40 ஆம்பியர் பாய்ந்தால் அந்தக் கம்பி கருகிவிடும். தலைமை ஃபியூஸோ ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபியூஸின் அளவும் அதற்கு அப்பால் உள்ள கம்பிகளில் மிக மெல்லியதைப் பார்த்து முடிவு செய்யப்படவேண்டும். விளக்கையோ ஹாரனையோ பார்த்து அன்று. இங்கே ஒரு பொறியும் உண்டு. பழைய ஆங்கிலக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் மின்னோட்டம். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புதிய தட்டை ஃபியூஸில் எழுதியிருப்பதோ ஏறக்குறையத் தாங்கும் அளவு. பழையது 35 என்பதால் புதியதிலும் 35 வாங்கிப் போட்டால் காவல் பாதியாகிவிடும்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்கு மட்டும் ஃபியூஸ் வைக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் அது இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அது நியாயமான மின்னோட்டமா, குறுக்குச் சுற்றா என்று ஃபியூஸால் பிரித்தறிய முடியாது. அதனால் கேபிளைக் குட்டையாக வைத்து, தகட்டில் எங்கும் உரசாதபடி ரப்பர் உறை போட்டு இறுக்கிக் கட்டினோம். இயற்பியல் கைவிரிக்கும் இடத்தில் நல்ல கைவேலைதான் துணை.

உட்புறப் பெட்டிக்குக் கிடைத்த இடம், டேஷ்போர்டுக்குக் கீழே, சாமான் வைக்கும் தட்டுக்கு மேலே, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டின் முன்னால் நடுச்சுவரின் உட்பக்கம். பானட்டைத் திறந்தால் தெரியாது, நண்பருக்குத் திருப்தி. இரவில் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் மாற்ற முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தோம், எட்டியது. குறை ஒன்றுண்டு. பழைய கார்களில் முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் கசியும். ஆகையால் பெட்டியைச் செங்குத்தாக, மூடி போட்டு, கம்பி நுழையும் பக்கம் கீழே பார்க்குமாறு பொருத்தினோம். ஒவ்வொரு கம்பியையும் பெட்டிக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே செலுத்தினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி விழுந்துவிடும். புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறாது. சுவரில் துளையிடும் முன் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் எலக்ட்ரீஷியன்தான். நான் பென்சிலால் குறித்த இடத்துக்கு நேர் பின்னால் பெட்ரோல் பம்ப் இருந்தது! குறியை ஒரு சாண் தள்ளினோம்.

தலைவிளக்குகளுக்கு இம்முறை ஃபியூஸ் கொடுத்தோம். இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றொன்று வழிகாட்டும்.

எல்லாம் முடிந்ததும் தலைமை ஃபியூஸை மாட்டப் போனேன். எலக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துத் தடுத்து, அந்த இடத்தில் 21 வாட் பிரேக் விளக்குப் பல்பு ஒன்றை இணைத்தார். எவ்வளவு அழகான இயற்பியல் பாருங்கள்! எங்கே குறுக்குச் சுற்று இருந்தாலும், பல்பு தன் வழியே 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. கம்பி கருகாது, ஃபியூஸும் வீணாகாது. பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து கோளாறைக் காட்டிக்கொடுக்கும். சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருந்தால் பல்பு எரியக் கூடாது.

எரிந்தது! முழுப் பிரகாசத்தில்.

பெட்டியிலிருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஆறாவதைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. உள்விளக்கின் சுற்று. கதவோரத் தூணில் ஒரு திருகாணி அந்தக் கம்பியைக் குத்திக்கொண்டிருந்தது. திருகாணியை எடுத்து, குத்துப்பட்ட கம்பியை மாற்றி, ஆறாவது ஃபியூஸைத் திரும்பப் போட்டோம். பல்பு இருண்டே இருந்தது. பிறகு 6 வாட் உள்விளக்கின் சுவிட்சைப் போட்டோம். உள்விளக்கு சற்றே மங்கலாக எரிந்தது. அதனோடு தொடராக இருந்த 21 வாட் பல்பில் இழை சிவக்கக்கூட இல்லை. வாட் அதிகமான பல்பு எரியாமல், வாட் குறைந்தது எரிந்தது ஏன்? இரண்டின் மின்தடைகளையும் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வோல்ட் கிடைத்திருக்கும் என்று கண்டுபிடியுங்கள்.